டயப்பருக்குள்ளே நடக்கும் வேதியியல்

என் அத்தைக்கு 81 வயது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த பிறகு, இரவில் டயப்பர் போட்டே தீர வேண்டும் என்றாகிவிட்டது. தினமும் காலையில் ஒரே பஞ்சாயத்து: படுக்கை விரிப்பு நனைந்திருக்கும். இந்தக் கம்பெனி சரியில்லை என்று வேறு கம்பெனி வாங்கினோம். அதுவும் கசிந்தது. அளவுதான் பெரிதோ என்று ஒரு சைஸ் குறைத்துப் பார்த்தோம். ஊஹூம். ஒரு நாள் காலை, கழற்றி வைத்திருந்த டயப்பரைக் குப்பையில் போடத் தூக்கினேன். கனமே இல்லை. ஓரமெல்லாம் ஈரம், நடுப்பகுதி மட்டும் காய்ந்து கிடந்தது. சிறுநீர் மெத்தையில் இருக்கிறது. அதைக் குடிக்க வேண்டிய பஞ்சு தாகத்தோடு இருக்கிறது!

அத்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்காவிடம் கேட்டேன். "அக்கா, ராத்திரி டயப்பர் போடறதுக்கு முன்னாடி என்னென்ன பண்றீங்க?"

"ஒண்ணும் புதுசா இல்ல தம்பி. துடைச்சுவிட்டு, அந்த கிரீமைப் பூசுவேன். புண்ணு வந்துடக் கூடாதுல்ல, அதான் தாராளமாப் பூசுவேன். தோலே தெரியாது, பாத்துக்குங்க."

குழந்தை சிரிக்கும் படம் போட்ட டியூப் அது. சில நாளைக்கு ஒன்றாக ஏன் தீர்ந்துகொண்டிருந்தது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. டயப்பரின் உள்பக்கத்தை விரலால் தடவினால் மெழுகு வழித்தது போல வழுக்கியது. அத்தையின் தோலில் இருக்க வேண்டியதில் பாதி அங்கே இருந்தது. அக்கா மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வகைக் களிம்புகளின் மேலேயே "தாராளமாகப் பூசவும்" என்றுதான் அச்சடித்து வருகிறது. கைக்குழந்தையின் சின்னஞ்சிறு டயப்பரை இரண்டு மூன்று மணிக்கொரு தரம் மாற்றும் தாய்க்கு எழுதப்பட்ட வாசகம் அது. அறுபது கிலோ எடையோடு எட்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருப்பவருக்காக யாரும் அதைத் திருத்தி எழுதவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் ஒரு டயப்பரைக் கத்தரியால் அறுத்தேன். (வீட்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். புதுசுதான் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.) உடம்பில் படும் மேல்தாள் துணி மாதிரி இருக்கும், ஆனால் தறியைப் பார்த்திராதது, பாலிபுரோப்பிலீன் இழைகளைப் பரப்பி ஒட்டிச் செய்வது. அதன் கீழே ஒரு மெல்லிய பட்டை. விழுகிற நீரைச் சட்டென்று வாங்கி நீளவாக்கில் பரப்பிவிடுவது அதன் வேலை. அதற்கும் கீழே மரக்கூழிலிருந்து செய்த பஞ்சு. அந்தப் பஞ்சை உதறினால் ரவை போல வெள்ளைக் குருணை கொட்டுகிறது. கடைசியில், நீர் வெளியே போகாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாள்.

டயப்பரின் உயிர் அந்தக் குருணையில் இருக்கிறது. அதன் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுச் சுருண்டு கிடக்கின்றன. நீர் பட்டதும் சங்கிலிகளில் உள்ள ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. சுருண்ட வலை விரிகிறது, நீர் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்கிறது. ஜவ்வரிசி ஊறுவது போல ஊதி ஜெல்லாகிவிட்டால், மேலே ஆள் படுத்து அழுத்தினாலும் லேசில் திருப்பித் தராது. சுத்தமான நீரென்றால் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு குடிக்கும். சிறுநீரில் உப்பு இருக்கிறதே, அது இந்தத் தள்ளுவிசையை மட்டுப்படுத்திவிடும். அதனால் முப்பது மடங்கு அளவோடு நின்றுவிடும். ஊதிய ஜெல்லின் மேல் ஒரு ஸ்பூன் சமையல் உப்பைத் தூவிப் பாருங்கள். கண்ணெதிரே இளகி, குடித்த நீரைக் கக்கும்.

உள்ளங்கை அளவில் மூன்று துண்டு வெட்டிக்கொண்டேன். முதல் துண்டில் ஒன்றும் பூசவில்லை. இரண்டாவதில், அக்காவின் கணக்குப்படி, கீழே இருப்பது தெரியாத அளவுக்குக் களிம்பு. மூன்றாவதில் விரலில் ஒட்டியதை மட்டும் தேய்த்தேன். காலையில் மிஞ்சிய டிகாக்‌ஷனில் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு ஸ்பூன் ஊற்றினேன். முதல் துண்டு விழுந்த வேகத்திலேயே விழுங்கிவிட்டது. மூன்றாவது, ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே வாங்கிக்கொண்டது. இரண்டாவதில் டிகாக்‌ஷன் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது. துண்டைக் கொஞ்சம் சாய்த்ததும் வழிந்து மேஜை விரிப்புக்கு இறங்கிவிட்டது. அத்தையின் மெத்தையில் இரவு முழுக்க நடந்தது இதுதான். குருணை தயாராகத்தான் இருந்தது, வாசலை நாங்கள் மெழுகி மூடியிருந்தோம்.

இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. பெட்ரோலியம் ஜெல்லி சார்ந்த களிம்புகள் டயப்பரின் மேல்தாளுக்கு இடம் மாறி அதன் உறிஞ்சும் திறனைப் பெரிதாகக் குறைத்துவிடுகின்றன என்று, அதற்கென்றே நடத்திய ஓர் ஆய்வு 2005-இல் வெளியாகியிருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களுக்கு இது பழைய சேதி. வீடுகளுக்குத்தான் வந்து சேரவில்லை.

அப்படியென்றால் களிம்பே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். அது எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு வேண்டும் என்பது தானாக விளங்கும்.

நம் தோலின் மேல்மட்டம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி. உயிர்விட்டுத் தட்டையான செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பதினைந்து இருபது அடுக்காகக் கிடக்கின்றன. இந்த ஓடுகள் புரதத்தால் ஆனவை. ஓடுகளுக்கு நடுவே பூச்சாக இருப்பது கொழுப்பு: செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். மொத்தக் கூரையின் கனமும் ஒரு தலைமுடியின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூட வராத இடங்கள் உண்டு. இதன் மேல் மெல்லிய அமிலத் தன்மை படர்ந்திருக்கும். பி.எச். கணக்கில் சுமார் 4.5 முதல் 5.5 வரை. தோலுக்கு இப்படியோர் 'அமிலப் போர்வை' இருக்கிறது என்று ஷாடே, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானியர்கள் 1928-இல் பெயர் வைத்தார்கள். நல்ல நுண்ணுயிர்களை வைத்துக்கொள்ளவும், கெட்டதை அண்டவிடாமல் பார்க்கவும், உதிர்ந்த பூச்சைத் திரும்பப் பூசிக்கொள்ளவும் தோலுக்கு இந்த அமிலம் வேண்டும்.

இந்தக் கூரை டயப்பருக்குள் மாட்டிக்கொள்ளும்போது முதலில் நடப்பது ஊறல். துணி துவைத்து முடித்ததும் விரல் நுனி சுருங்கி வெளுத்திருக்குமே, அதே கதைதான். ஆனால் அரை மணி நேரம் அல்ல, இரவு பகலாக. ஊறிய ஓடுகள் உப்புகின்றன, இடைவெளி விடுகின்றன. ஈரத்தோலுக்கு வழுக்கும் குணம் குறைந்து பிடிப்பு கூடிவிடும். அதனால், புரட்டும்போதும் இழுக்கும்போதும் துணியில் உரசி உரிகிறது. ஊறிய அப்பளத்தைத் தட்டிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ரசாயனம். இந்தக் கதையில் ஒரு துப்பறியும் சுவை இருக்கிறது. குழந்தைகளின் துணிக்கடியில் வரும் புண்ணுக்குக் காரணம் என்ன என்று தேடிய அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜே. வி. குக், 1921-இல் ஒரு பாக்டீரியாவைப் பிடித்துக் காட்டினார். சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும் பாக்டீரியா. நேரம் கழித்து மாற்றும் டயப்பரில் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதல்லவா, அந்த அம்மோனியா. நெடி அப்படி இருக்கும்போது குற்றவாளியை வேறெங்கே தேடுவது? ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் அம்மோனியாவையே திட்டிக்கொண்டிருந்தார்கள். 1977-இல் ஜேம்ஸ் லேடனும் அவருடைய கூட்டாளிகளும் புண் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அம்மோனியாவிலும் அதை உண்டாக்கும் நுண்ணுயிரிகளிலும் இரு பக்கமும் சொல்லத் தகுந்த வேறுபாடு இல்லை!

மீதி முடிச்சை 1986-இல் பக்கிங்காம், பெர்க் என்ற இருவர் அவிழ்த்தார்கள். முடியில்லாத எலிகளின் தோலில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் வைத்துப் பார்த்தார்கள். சேர்ந்தபோதுதான் சேதம் ஓங்கியது. மலத்தில் நம் குடல் செலவழித்தது போக மிச்சமான செரிமான நொதிகள் இருக்கின்றன. ஒரு வகை புரதத்தைக் கரைக்கும், இன்னொரு வகை கொழுப்பைக் கரைக்கும். கூரையின் ஓடு புரதம், பூச்சு கொழுப்பு. கறியைச் செரிப்பதற்கும் தோலைச் செரிப்பதற்கும் அந்த நொதிகளுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் அமிலச் சூழலில் அவை மழுங்கிக் கிடக்கும். மலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக்க, அந்த அம்மோனியா தோலின் பி.எச். அளவைக் காரப் பக்கம் ஏற்றிவிட, மழுங்கிய நொதிகள் விழித்துக்கொள்கின்றன. கத்தி நொதியுடையது, அம்மோனியா அதற்குச் சாணை பிடித்துக் கொடுக்கிறது.

வீட்டு நடைமுறைக்கு இதிலிருந்து கிடைப்பது பெரிய விஷயம். சிறுநீர் மட்டும் போயிருந்தால், நல்ல டயப்பர் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மலம் கலந்துவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. அதிலும் தண்ணீராகப் போகும் மலம். மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கப்படுபவர்களுக்கும், ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்பவர்களுக்கும் இது அடிக்கடி நடக்கும். நொதிகள் நிறைய மிஞ்சிய நிலையிலேயே அது வெளியே வந்துவிடுகிறது. ஒரே இரவில் தோல் வெந்தது போலாவதைப் பார்த்து, "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்று வீட்டார் திகைப்பது அப்போதுதான்.

குழந்தைக்கும் முதியவருக்கும் வேறுபாடு இங்கேதான் தெரியும். குழந்தையின் தோல் உரிந்தால் வேகமாக வளர்ந்து மூடிவிடும். வயதான தோல் மெலிந்தது, பூச்சுக் கொழுப்பு குறைந்தது, புதுச் செல்கள் மேலே வர எடுத்துக்கொள்ளும் நாளும் கூடுதல். அதன் அமிலமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பெரியவர்களின் இந்தப் பாதிப்புக்கு வெகுநாள் சரியான பெயர்கூட இல்லை. 2007 வாக்கில்தான், 'சிறுநீர் மலக் கட்டுப்பாடின்மை சார்ந்த தோல் அழற்சி' என்று ஒரே பெயரில் நிபுணர்கள் பேசத் தொடங்கினார்கள். நம் ஊரில் இன்றைக்கும் மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான டயப்பரைக் கறுப்பு கவரில் போட்டுத்தான் தருகிறார்கள், நாமும் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டு வருகிறோம். பெயர் எப்படி வரும்?

இனி டியூபுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். கிரீம், ஆயின்மென்ட், பேஸ்ட் என்று வெவ்வேறு பெயர் போட்டிருந்தாலும் உள்ளே வேலை செய்வது பெரும்பாலும் மூன்று பேர்.

முதலாமவர் பெட்ரோலியம் ஜெல்லி. பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில், துளையிடும் கம்பிகளில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்த கறுப்பு மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்தில் தடவிக்கொள்வதை ராபர்ட் செஸ்பரோ கவனித்தார். அதைச் சுத்திகரித்து 1872-இல் வாஸ்லின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அது சும்மா மேலே படுத்துக் கிடந்து நீரைத் தடுக்கிறது என்றே நூறு ஆண்டுக்கு மேல் நினைத்திருந்தார்கள். ஓடுகளுக்கு இடையில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, அடியில் தோல் தன் பூச்சைச் சரிசெய்துகொள்ள இடம் கொடுக்கிறது என்று 1992-இல் தெரியவந்தது. விலையும் குறைவு. குறை என்ன என்பதை என் மேஜை விரிப்பு சொல்லிவிட்டது. தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவுகிறவர்களுக்கும் அதே எச்சரிக்கைதான்: எண்ணெய் எதுவானாலும் மேல்தாளில் இறங்கினால் நீரை விலக்கும்.

இரண்டாமவர் ஜிங்க் ஆக்சைடு, நம் பாடப்புத்தகத்துத் துத்தநாக ஆக்சைடு. துத்தநாகத்தைக் காற்றில் எரித்தால் வெள்ளைப் பஞ்சு போலப் பறக்கும் சாம்பல். (ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கப் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை வாலை வடித்தவர்கள் நம்மவர்கள், அந்தப் புகைச்சாம்பல் அவர்களுக்குப் பழக்கமாகத்தான் இருந்திருக்கும்.) இந்தத் தூளைக் கொழுப்பில் குழைத்தால் பேஸ்ட். பெர்லின் தோல் மருத்துவர் ஆஸ்கர் லாசர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த பேஸ்ட்டில் ஜிங்க் கால் பங்கு, மாவுச்சத்து கால் பங்கு, மீதி ஏறக்குறைய பாதி பெட்ரோலியம் ஜெல்லி. இன்றைக்கும் பல டியூபுகள் அதன் பேரப்பிள்ளைகள். அமெரிக்க விதிப்படி டயப்பர் களிம்பில் ஜிங்க் 40% வரை இருக்கலாம். தூள் கூடக் கூடக் கெட்டிச் சுவர் மாதிரி நிற்கும், நொதிகள் கிட்ட வராது. ஏற்கெனவே உரிந்து சிவந்த இடத்துக்கு இதைவிட நல்ல கவசம் வீட்டில் கிடையாது. ஆனால் வெள்ளையாக மூடிவிடுவதால் அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று தெரியாது. எடுப்பதும் கஷ்டம்.

மூன்றாமவர் டைமெத்திகோன் என்ற சிலிகோன். நிறமில்லாதது, பிசுபிசுப்பு குறைவு, மெல்லிய படலமாக நிற்கும். டயப்பருக்கு அதிகம் இடம் மாறுவதில்லை. புண் இன்னும் வராத தோலுக்குத் தினசரிக் காவலாக வைத்துக்கொள்ள என் ஓட்டு இதற்குத்தான். என்ன, இதன் அளவு ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மாதிரி. டியூபின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மருத்துவமனைகளில் இன்னொரு வகையும் உண்டு. தோலில் தெளித்தாலோ தடவினாலோ காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் ஏடாகிவிடும். ஒன்றிரண்டு நாள் தாங்கும், டயப்பரை அடைக்காது. விலைதான் கையைக் கடிக்கும்.

இவற்றில் எது உசத்தி என்ற சண்டைக்கு அறிவியல் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2016-இல் உலகம் முழுவதும் நடந்த 13 சோதனைகளை, மொத்தம் 1316 பேரை, சலித்துப் பார்த்தது. ஒரு களிம்பு இன்னொன்றை வென்றது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை. தோற்றது யார் என்பது மட்டும் ஓரளவு தெரிந்தது: வெறும் சோப்பும் தண்ணீரும். நம் குளியல் சோப்புகள் பெரும்பாலும் காரம், பி.எச். 9-க்கும் 10-க்கும் நடுவில். அம்மோனியா செய்கிற அதே வேலையை, வாசனையோடு, நாமே செய்துகொடுக்கிறோம். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் சோப்புப் போட்டு, கரகரப்பான துண்டால் அழுத்தித் துடைத்து, அதற்கு மேல் வாளித் தண்ணீரில் கிருமிநாசினி வேறு ஊற்றினால், எந்தக் களிம்பு வந்தும் காப்பாற்றாது. வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பழைய வேட்டித் துணியும் போதும். மலம் ஒட்டியிருந்தால் காரமில்லாத திரவக் கழுவி. தேய்க்காமல், ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு பத்து நிமிடம் காற்றாட விட்டால் இன்னும் நல்லது.

இப்போது பூசுவதற்கு வருவோம். உள்ளங்கை அகலத் தோலுக்குப் பட்டாணி அளவு களிம்பு. அதை விரல்களில் பரப்பிக்கொண்டு, தோலில் படர விட வேண்டும். பூசிய பிறகு தோலின் நிறம் அதன் ஊடே தெரிய வேண்டும். கை வைத்தால் விரலில் கட்டியாக வரக் கூடாது. இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு டயப்பரை ஏற்றவும். மலம் படும் இடம், தொடையிடுக்கு, புட்டத்தின் உள்விளிம்பு, இவைதான் களிம்புக்கு உரிய பிரதேசம். சிறுநீர் விழும் நேர்க்கோட்டில் டயப்பரை எதுவும் மெழுகக் கூடாது. தோல் ஏற்கெனவே உரிந்திருந்து, ஜிங்க் பேஸ்ட்டைக் கனமாகப் போடும்படி மருத்துவர் சொன்னால், உரிந்த இடத்துக்கு மட்டும் கனமாகப் போடுங்கள். கூடவே, டயப்பர் மாற்றும் இடைவெளியைக் குறைத்துவிடுங்கள்.

களிம்புக் கையோடு டயப்பரின் ஒட்டும் பட்டையைத் தொடாதீர்கள். எண்ணெய் பட்ட பசை பிடிக்காது. நள்ளிரவில் டயப்பர் அவிழ்ந்துகொள்வதற்குப் பாதி நேரம் காரணம் அந்த விரல்தான். எங்கள் வீட்டில் அதற்கும் கம்பெனியைத்தான் திட்டினோம்.

களிம்பின் மேல் பவுடர் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். இரண்டும் சேர்ந்து, மடிப்புகளில் மாவுருண்டையாகத் திரண்டு உரசும். முந்தின வேளைக் களிம்பு மிச்சமிருக்கிறதே என்று சுரண்டி எடுப்பது அதைவிட மோசம். அழுக்கான மேலடுக்கை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, சுத்தமாக ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு, அதன் மேல் மெல்லிசாகப் பூசினால் போதும். முழுக்க எடுத்தே தீர வேண்டும் என்றால் பஞ்சில் லிக்விட் பாரஃபின் நனைத்து வழித்தால் வலிக்காமல் வந்துவிடும். தண்ணீருக்கு அசையாத ஜிங்க், எண்ணெய்க்கு இளகும்.

சிவப்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவப் புத்தகங்களில் இந்த அழற்சியின் முதல் அடையாளம் செந்நிறம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வரி அது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது கருஞ்சிவப்பாகவோ, ஊதா சாயலாகவோ, சுற்றிலும் இருப்பதைவிடக் கறுத்தோ தெரியும். சில நேரம் வெளுத்தும் தெரியும். கண்ணை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள்: அந்த இடம் சூடாக இருக்கிறதா, பளபளவென்று இறுகியிருக்கிறதா, தொட்டால் அவர் முகம் சுளிக்கிறாரா? பேச முடியாதவர்களிடம் முகச்சுளிப்புதான் மொழி.

படுக்கைப் புண்ணும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் குழப்பிக்கொள்வது சகஜம். எலும்பு துருத்தும் இடத்தில், திட்டமான விளிம்போடு, உள்ளே ஆழமாகப் போவது படுக்கைப் புண்ணாக இருக்கலாம். அதற்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். களிம்பு அங்கே வெறும் ஆறுதல். நனையும் இடமெல்லாம் பரவலாக, விளிம்பு மங்கி, மேலாக இருப்பது நாம் பேசும் அழற்சி. கூரை பழுதான இடத்தில் படுக்கைப் புண்ணும் சுலபமாக வரும் என்பதால், ஒன்று இருந்தால் இன்னொன்று வராது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

பெரிய செந்திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் தீவுகளாகச் சிதறிக் கிடந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சை. ஈரம், சூடு, இருட்டு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது விடுமா? சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் செல்வாக்கு. அதன் மேல் ஜிங்க்கைப் பூசி மூடுவது, திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது போல. பூஞ்சைக் கொல்லி மருந்து வேண்டும், மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

மருத்துவர் பார்த்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மருந்துக்கடைகளில் "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்றால் பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் குழைத்த டியூபை எடுத்துத் தருகிறார்கள். வீரியமான பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தும் பழக்கம் போகவில்லை. முதல் மூன்று நாள் அற்புதம் போலத் தெரியும். பிறகு, ஏற்கெனவே மெலிந்த தோல் சிகரெட் தாள் போலாகிவிடும், பூஞ்சையும் அடியில் பரவும். டயப்பர் ஒரு மூடி. அதன் அடியில் பூசும் மருந்து திறந்த தோலில் பூசுவதைவிட அதிகமாக உள்ளே போகும். உரிந்த தோலென்றால் இன்னும் அதிகம். 1972-இல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 விழுக்காட்டுக்கும் மேல் கலந்துவிட்டது. துணிக்கடியில் பூசிய பவுடர், தோல் வழியே உள்ளே போய், 36 குழந்தைகள் இறந்தார்கள். டயப்பருக்குள் எதைப் பூசினாலும், அதை உடம்புக்குள் கொடுப்பதாகவே எண்ணிக்கொள்வது நல்லது.

களிம்பின் இன்னொரு அபாயத்தை நம் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெட்ரோலியம் ஜெல்லி போன்ற பாரஃபின் கலந்த களிம்புகள் நாள்பட நாள்பட வேட்டியிலும் புடவையிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிவிடும். களிம்பு தானாகத் தீப்பிடிக்காது. ஆனால் அது ஊறிக் காய்ந்த துணி, விளக்குத் திரி மாதிரி சடுதியில் பற்றிக்கொள்ளும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. படுத்த படுக்கையிலும் பீடியை விடாத தாத்தாக்கள் உள்ள வீட்டிலும், கட்டிலுக்கடியில் கொசுவர்த்தி வைக்கும் வீட்டிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். துவைத்தால் முழுக்கப் போய்விடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் அடிக்கடி போகிறது என்று முதியவர்களுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சில முதியவர்கள் பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தாங்களே குறைத்துக்கொள்வார்கள். என் அத்தையும் அப்படித்தான். சாயங்காலக் காப்பியைப் பாதியோடு வைத்துவிடுவார். குறைந்த தண்ணீர் என்றால் செறிவான சிறுநீர், கூடுதல் எரிச்சல். மலச்சிக்கலும் வரும். டயப்பர் மிச்சமாகாது, தோல்தான் செலவாகும். மருத்துவர் இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அளவு சொல்லியிருந்தாலொழிய, குடிக்க விடுங்கள்.

பூசும் முறையை மாற்றி இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டாலும், கொப்புளம், சீழ், காய்ச்சல், துர்நாற்றம் என்று எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. அத்தையைக் கட்டிலிலிருந்து தூக்கிக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது எங்களுக்கு ஒரு நாள் வேலை. அந்தச் சிரமத்தை நினைத்தே பல வீடுகளில் புண்ணை முற்ற விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். வந்தவரிடம் ரத்த அழுத்தத்தை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். கூச்சத்தை ஒதுக்கிவைத்து, டயப்பரைக் கழற்றித் தோலையும் காட்டுங்கள்.

நாளைக் காலை கழற்றும் டயப்பரைச் சுருட்டிக் கட்டுவதற்கு முன், ஒரு தடவை கையில் தூக்கிப் பாருங்கள். நடுப்பகுதி கனத்துத் தொங்க வேண்டும். லேசாக இருந்து, மெத்தை நனைந்திருந்தால், கம்பெனியை மாற்றுவதற்கு முன் களிம்பைக் குறையுங்கள்.